சார்ஜ் ஏறாத தெரு

எழில்மொழி மயக்க மருந்து டாக்டர். அந்த வேலைக்குச் சொந்தமாக ஒரு ஆஸ்பத்திரி கிடையாது. எங்கே ஆபரேஷனோ அங்கே போய் நிற்க வேண்டும். காலையில் நாகப்பட்டினத்தில் ஒரு சிசேரியன், மத்தியானம் திருவாரூரில் ஒரு குடலிறக்கம், திரும்பும் வழியில் கீழ்வேளூரில் யாருக்காவது கால் எலும்பு. ஏழு வருஷமாக அவளைச் சுமந்துகொண்டிருந்த சின்னக் கார், ஐப்பசி மழையில் இரண்டு தடவை நடுரோட்டில் படுத்துவிட்டது. இரண்டாம் தடவை படுத்தபோது போகவேண்டிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் மேஜையில் ஒரு பெண் வலியோடு காத்திருந்தாள். மீன் ஏற்றிப் போன மினி லாரியைக் கைகாட்டி நிறுத்தி, அதில் ஏறிப் போய்ச் சேர்ந்தாள் எழில்மொழி. தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தார்கள். அன்றைக்கே புது வண்டி வாங்குவது என்று முடிவாகிவிட்டது.

தஞ்சாவூர் ஷோரூமில் இரண்டு வண்டிகளை ஓட்டிப் பார்த்தார்கள், அவளும் புருஷன் பரிதியும். இரண்டும் உயரமான, மழைத்தண்ணீரில் இறங்கி ஏறக்கூடிய எஸ்.யூ.வி. ஒன்று வெறும் பெட்ரோல். இன்னொன்று பிளக்-இன் ஹைப்ரிட். ராத்திரி வீட்டில் சார்ஜ் போட்டால் காலையில் எழுபது கிலோமீட்டர் வரை கரண்டிலேயே ஓடும், அது தீர்ந்தால் தானாகப் பெட்ரோலுக்கு மாறிக்கொள்ளும் என்று ஹஸ்ஸான் விளக்கினான். ஹஸ்ஸான் அங்கே விற்பனைப் பிரிவில் இருக்கிற இளைஞன், நாகூர்க்காரன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிற அவனுடைய பழக்கம் எழில்மொழிக்குப் பிடித்திருந்தது.

பரிதி பெட்ரோல் பக்கம். கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறவன், காகிதத்தில் எழுதிக் கூட்டிப் பார்க்காமல் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டான்.

"பெட்ரோல் வண்டின்னா எந்த மெக்கானிக்கும் தொறந்து பார்ப்பான். இதைத் தொறக்கணும்னா திருச்சியிலேருந்து ஆள் வரணும். வெலையும் அஞ்சாறு லட்சம் கூட."

"நான் தினம் ஓட்டுறது அறுபது கிலோமீட்டர். வாரத்துல ஆறு நாள் பங்க் பக்கமே போக வேணாம். தஞ்சாவூர், திருச்சின்னு போனா பெட்ரோல் இருக்கு. நடுவழியில நிக்காது," என்றாள் எழில்மொழி. "எனக்கு நிக்காத வண்டி வேணும்."

பரிதி மறுபடி கூட்டிப் பார்த்தான். ஆறு வருஷம் ஓட்டினால் அந்தக் கூடுதல் விலை சரியாகிவிடும் என்று அவன் கணக்கே சொல்லிவிட்டது. பிளக்-இன் வண்டிக்கு முன்பணம் கட்டினார்கள். சார்ஜர் பொருத்துவதற்கு முன்னால் எலக்ட்ரீஷியன் வந்து வீட்டைப் பார்ப்பார் என்று சொல்லி, ஹஸ்ஸான் முகவரியை எழுதிக்கொண்டான்.

முகவரி: தெற்குத் தெரு, மருதங்கண்ணி, கீழ்வேளூருக்குக் கிழக்கே. ஊர்த்தெருவுக்கும் தெற்குத் தெருவுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் ஓடுகிறது. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் இருக்கிற நாற்பத்தொரு வீட்டையும் ஊர் இன்னமும் காலனி என்றுதான் சொல்கிறது. எழில்மொழியின் அப்பா இராஜாங்கம் ஐம்பது வயது வரை அடுத்தவர் வயலில் கூலிக்கு வரப்போரம் அண்டை வெட்டியவர். இப்போது சொந்தமாக மூன்று ஏக்கர் சம்பா போடுகிறார். டாக்டரானதும் எழில்மொழியை டவுனில் வீடு எடுக்கச் சொன்னார்கள். அவள், அரசு கட்டிக்கொடுத்த பழைய தொகுப்பு வீட்டை இடித்து, அதே மனையில் மாடி வைத்துக் கட்டினாள்.

எலக்ட்ரீஷியன் அன்சார் ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வந்தார். நாற்பது வயதிருக்கும், பத்து வருஷம் கத்தாரில் வேலை பார்த்தவர். கார் நிறுத்துகிற இடத்தில் இருந்த பிளக்கில் மீட்டரின் இரண்டு முனைகளையும் செருகினார். பார்த்தார். எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி செருகினார்.

"நூத்தி அறுபத்து நாலு காட்டுதும்மா."

"எவ்வளவு இருக்கணும்?"

"எரநூத்தி முப்பது. கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கலாம். நூத்தி எண்பதுக்குக் கீழ போச்சுன்னா இந்தச் சார்ஜர் தானா நின்னுடும். வண்டியில ஒண்ணும் ஏறாது."

எழில்மொழியின் அம்மா அம்சம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இந்த நேரத்துல எப்பவும் இப்படித்தான் தம்பி. காலையில அஞ்சு மணிக்குப் பாருங்க, நல்லா இருக்கும். நாங்க மாவு ஆட்டுறது, மோட்டார் போடுறது எல்லாம் அப்பத்தான்."

அம்சம் இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. கடலில் ஏற்றம் இறக்கம் இருக்கிற மாதிரி கரண்டிலும் இருக்கும், அதற்குத் தகுந்தபடி எழுந்து வேலை செய்துகொள்ள வேண்டும் என்பதுபோல்தான் சொன்னாள். நாற்பது வருஷமாகத் தெருவே அப்படித்தான் எழுந்துகொண்டிருந்தது.

அன்சார் கொஞ்சம் தயங்கினார். "வரும்போது மெயின் ரோட்டுக் கடையில டீ குடிச்சேன். அங்கயும் ஒரு தடவை வச்சுப் பார்த்துட்டு வரவா?"

பைக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தார். இருநூற்று இருபத்தெட்டு என்றார். அதே ஊர், அதே சாயங்காலம், அரைக் கிலோமீட்டர் தூரம்.

மறுநாள் காலை ஷோரூம் மேனேஜர் போன் செய்தார். குரலில் தேன் வடிந்தது. "மேடம், சர்வே ரிப்போர்ட் பார்த்தேன். உங்க ஏரியாவுக்கெல்லாம் பெட்ரோல் வண்டிதான் செட் ஆகும். புக்கிங்கை மாத்திடவா?"

உங்க ஏரியா. அந்த வார்த்தையை அவள் எத்தனையோ வாயில் கேட்டிருக்கிறாள். கல்லூரி விடுதியில் கேட்டிருக்கிறாள், வீட்டுக் கடன் கேட்டுப் போன வங்கியில் கேட்டிருக்கிறாள். இவருக்கு ஒன்றும் தெரியாது, வோல்டேஜைத்தான் சொல்கிறார் என்று அறிவு சொன்னது. ஆனால் காது கொதித்தது.

"எதையும் மாத்தாதீங்க. நான் சொல்றேன்," என்று போனை வைத்தாள்.

இரண்டு நாள் கழித்துக் கரண்ட் ஆபீசுக்குப் போனாள். பொறியாளர் நெடுஞ்செழியன் அங்கே வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. லோ வோல்டேஜ் என்றதும் வழக்கமான பதிலுக்கு வாயைத் திறந்தவர், தெருப் பெயரைக் கேட்டுக் கம்ப்யூட்டரில் தேடினார். புருவம் சுருங்கியது.

"உங்க தெருவுக்குத் தனி டிரான்ஸ்பார்மரே இருக்கே டாக்டர். நாலு வருஷத்துக்கு முன்னாடி சாங்ஷன் ஆகி, வேலை முடிஞ்சதா ரெக்கார்டு இருக்கு."

"எங்க தெருவுல டிரான்ஸ்பார்மர் கிடையாது சார். நான் அங்கயே பொறந்து வளர்ந்தவ. ஊர்த்தெரு லைனோட வாலுலதான் எங்க நாப்பத்தொரு வீடும் தொங்குது."

நெடுஞ்செழியன் ஒயர்மேனைக் கூப்பிட்டார். ஒயர்மேன் வந்து நின்று, பொறியாளரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். "அது அந்த இறால் பண்ணைக்குப் பின்னால நிக்குது சார்," என்றார்.

அவள் காரை எடுத்துக்கொண்டு நேரே அங்கே போனாள். வாய்க்காலைத் தாண்டி, கருவேல மரங்களுக்கு நடுவில் முன்னாள் ஊராட்சித் தலைவரின் இறால் பண்ணை இருக்கிறது. ஆறு குட்டைகள், குட்டைக்கு நாலு சக்கரம், இறாலுக்குக் காற்று கிடைக்க இரவும் பகலும் தண்ணீரை அடித்துக்கொண்டிருக்கும். பின்பக்கம் இரட்டைக் கம்பத்தில் டிரான்ஸ்பார்மர் உறுமிக்கொண்டிருந்தது. அதன் தகரப் பலகையில் மஞ்சள் பெயிண்டால் எழுதியிருந்தது: தெற்குத் தெரு, மருதங்கண்ணி.

எழில்மொழி அதை மூன்று தடவை படித்தாள். அந்தத் தலைவர் காசு கட்டித் தனக்கென்று வாங்கியிருக்க வேண்டியதை, இவள் தெருவின் பெயரைச் சொல்லி இனாமாக வாங்கிக்கொண்டு, அந்தப் பெயரை அழிக்கக்கூடத் தோன்றாமல் விட்டிருந்தார். இந்தப் பக்கம் எவன் வந்து படிக்கப்போகிறான் என்கிற தைரியம். திருடினதைவிட அந்தத் தைரியம்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. பலகை முழுதும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டாள்.  

அடுத்த ஞாயிறு அன்சாரைக் கூப்பிட்டு, நாற்பத்தொரு வீட்டிலும் வோல்டேஜ் எடுத்துத் தரமுடியுமா என்று கேட்டாள். சம்பளம் பேசவே அவர் விடவில்லை. சாயங்காலம் ஆறரைக்கு ஆரம்பித்து வீடு வீடாகப் போனார்கள். நூற்று அறுபது, நூற்று ஐம்பத்தெட்டு, நூற்று ஐம்பத்தொன்று. கம்பி நீள நீள எண் இறங்கியது. கடைசி வீட்டில் நூற்று முப்பத்தொன்பது.

கடைசி வீடு செவ்வந்தியுடையது. எழில்மொழியோடு பத்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். மோட்டார் வைத்த தையல் மிஷின் வாங்கி, அது இழுக்காமல், மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டுக் காலால் மிதித்துத் தைக்கிறாள். அன்சார் எண்ணை எழுதிக்கொண்டிருக்கும்போது அவள் சாதாரணமாகக் கேட்டாள்: "இன்னைக்கு உங்க வீட்டுல ஏசி ஓடுதா எழிலு?"

"ஓடுது. ஏன்?"

"இல்ல, உங்க ஏசி ஓடினா எங்க ஃபேன் சுத்தாது. நான் அதை வச்சே நீ ஆஸ்பத்திரியிலேருந்து வந்துட்டேன்னு தெரிஞ்சுக்குவேன்."

எழில்மொழி அன்சாரைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "ஸ்டெபிலைசர் வச்சிருக்கீங்கள்ல. அது கம்மியா வர்ற கரண்டை உங்களுக்கு ஏத்திக் குடுக்கும். அதுக்கு லைன்லேருந்து அதிகமா இழுக்கும். பின்னால இருக்கிற வீட்டுக்கு இன்னும் கொறையும்," என்றார். "கார் சார்ஜர் போட்டா ரெண்டு ஏசிக்குச் சமம்மா."

வீடு கட்டியபோதே அவளுக்கு வோல்டேஜ் குறைச்சல் என்று தெரியும். நல்ல கம்பெனி ஸ்டெபிலைசராக இரண்டு வாங்கி மாட்டினாள். பிரச்சினை தீர்ந்தது என்று மறந்துவிட்டாள். மூன்று வருஷம் தன் வீட்டுக் குளிர்ச்சிக்காகச் செவ்வந்தியின் ஃபேனை நிறுத்திவைத்திருக்கிறாள். செவ்வந்தி ஒரு நாளும் வந்து கேட்கவில்லை. அவள் ஏன் கேட்கவில்லை என்ற கோபமும், தான் ஏன் பார்க்கவில்லை என்ற கோபமும் ஒன்றாகச் சேர்ந்து வந்தன.

"ஏன்டி என்கிட்ட சொல்லல?"

"சொல்லி? வெயில்ல நீ வேகணுமா? நீ ராவெல்லாம் கண்ணு முழிச்சு வேலை பார்க்குறவ."

அன்றிலிருந்து எழில்மொழி ஏசி போடவில்லை. நாற்பத்தொரு எண்களையும் டைப் அடித்து, டிரான்ஸ்பார்மர் போட்டோவை இணைத்து, வீட்டுக்கு ஒரு கையெழுத்து வாங்கினாள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் கலெக்டரிடம் கொடுப்பது என்று முடிவாகி, ஒரு வேனும் பேசியாகிவிட்டது.

சனிக்கிழமை காலையிலேயே முன்னாள் தலைவர் எழில்மொழியின் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். இருபது வருஷத்தில் அவர் வாய்க்காலைத் தாண்டி வந்தது ஓட்டுக் கேட்க மட்டும்தான். நாற்காலியில் உட்கார்ந்து, அம்சம் கொடுத்த காபியைத் தொடாமல் வைத்துவிட்டுச் சிரித்தார். இராஜாங்கம் தூணோரம் நின்றார். அவருடைய வீட்டில், அவருடைய மகள் வாங்கிப்போட்ட நாற்காலிகள் மூன்று காலியாகக் கிடந்தன.

"நம்ம பொண்ணு டாக்டராயி பெரிய வண்டியெல்லாம் வாங்குதுன்னா ஊருக்கே பெருமைதானேம்மா. வண்டிக்குக் கரண்டு பத்தலன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதுமே. ஊர்த்தெரு டிரான்ஸ்பார்மர்லேருந்து உங்க வீட்டுக்கு மட்டும் தனியா ஒரு லைன், த்ரீ பேஸ். இன்ஜினியர்கிட்ட நான் பேசிட்டேன். ஒரு வாரத்துல வந்துடும்."

"மத்த நாப்பது வீட்டுக்கு?"

"அவங்க என்ன கார் வாங்கப் போறாங்களா?"

எழில்மொழி எழுந்து நின்றாள். குரல் உயரவில்லை. "ஃபேன் வாங்கியிருக்காங்க. மிக்சி வாங்கியிருக்காங்க. புள்ளைங்க படிக்க லைட்டு வாங்கியிருக்காங்க. ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் பில் வந்தா கட்டுறாங்க. எங்க தெரு பேரை எழுதின டிரான்ஸ்பார்மர் உங்க இறாலுக்குக் காத்தடிச்சுக்கிட்டு நிக்குது. நான் படிச்சுட்டுத்தான் வந்தேன். நீங்க காபியைக் குடிச்சுட்டுக் கெளம்புங்க."

அவர் காபியைக் குடிக்கவில்லை. வண்டி போன பிறகும் இராஜாங்கம் தூணை விட்டு நகரவில்லை.

"வாங்கியிருக்கலாம் பாப்பா," என்றார் மெதுவாக. "தர்றேங்கிறப்ப வாங்கிக்கணும். அவரைப் பகைச்சுக்கிட்டு நாளைக்கு வாய்க்கால்ல தண்ணி அடைச்சாருன்னா? நம்ம வயலு அவர் வயலுக்குக் கீழதான இருக்கு."

"அவர் உக்காந்திருந்தாரு. நீங்க ஏம்ப்பா நின்னீங்க?"

 கேட்ட பிறகு அவளுக்கே பாவமாக இருந்தது. ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை.

அம்சம்தான் ஆறின காபியை எடுத்து முற்றத்தில் ஊற்றினாள். "அந்தத் தனிக் கம்பியில நம்ம வீடு ஜெகஜோதியா எரியும். கடைசி வீட்டுல மங்கிக்கிட்டிருக்கும். அப்புறம் நான் எந்த மூஞ்சியோட செவ்வந்திகிட்ட ஜாக்கெட் தைக்கக் குடுப்பேன்? வேணாம். திங்கக்கெழமை வேன்ல நானும் வர்றேன்."

திங்கட்கிழமை இருபத்தாறு பெண்கள் போனார்கள். கலெக்டர் மனுவைப் படித்தார், போட்டோவைப் பார்த்தார், நேரில் ஆய்வு செய்து பதினைந்து நாளில் அறிக்கை வேண்டும் என்று எழுதினார். பன்னிரண்டாம் நாள் காலை பதினோரு மணிக்கு ஜீப் வந்தது. நெடுஞ்செழியனும் அவருக்கு மேல் இரண்டு அதிகாரிகளும் இறங்கினார்கள். செவ்வந்தி வீட்டில் மீட்டரை வைத்தால் இருநூற்று மூன்று காட்டியது. தெருவில் பாதிப்பேர் வயலுக்குப் போயிருந்த நேரம்.

பெரிய அதிகாரி பேனாவைத் திறந்தார். "பரவாயில்லையே. சரியாத்தானே இருக்கு."

 சாயங்காலம் வாங்க என்றால் வரமாட்டார்கள், இந்த ஒரு எண்தான் அறிக்கையில் ஏறும் என்று எழில்மொழிக்குத் தெரிந்தது. அப்போது செவ்வந்தி வாசலுக்குப் போய், தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கூப்பிட்டாள்: "எல்லாரும் வீட்டுக்குப் போயி கிரைண்டரைப் போடுங்கடி. மோட்டாரையும் போடுங்க. அரிசி இல்லாட்டி சும்மா ஓட்டுங்க."

பெண்கள் ஓடினார்கள். ஒவ்வொரு வீடாக உறுமல் கிளம்பி வந்தது. அதிகாரி திறந்த பேனாவோடு மீட்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். இருநூறு, நூற்று எண்பது, நூற்று ஐம்பத்திரண்டு. கடைசியில் நூற்று இருபத்தாறு. தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபேன் தயங்கித் தயங்கி நின்றது.

"எழுதிக்கிட்டீங்களா சார்?" என்று செவ்வந்தி கேட்டாள்.

எழுதிக்கொண்டார்கள்.

அதற்குள் ஷோரூமில் கெடு வந்துவிட்டது. பழைய கார் மூன்றாம் தடவையும் படுத்திருந்தது. ஹஸ்ஸான் போனில் தயங்கினான். "மேனேஜர் பெட்ரோலுக்கு மாத்தச் சொல்லிக்கிட்டே இருக்காரு மேடம். பிளக்-இன்தான் வேணும்னா, வீடு சார்ஜிங்குக்கு ஏத்ததில்லைன்னு தெரிஞ்சே வாங்குறேன்னு ஒரு கையெழுத்து கேக்குறாரு."

பரிதியிடம் கேட்டாள். அவன் இந்தத் தடவை காகிதத்தை எடுக்கவில்லை. "கணக்குப்படி பெட்ரோல்தான் வாங்கணும். கரண்டு எப்ப வரும்னு எவனுக்கும் தெரியாது. ஆனா பெட்ரோல் வண்டியை வாங்கினா, இந்தத் தெரு இப்படித்தான் இருக்கும்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்," என்றான்.

அவள் தஞ்சாவூர் போய் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டாள். 'வீடு ஏற்றதல்ல' என்ற வரியை அடித்துவிட்டு, மேலே 'எங்கள் தெருவுக்கு வர வேண்டிய மின்சாரம் வரவில்லை' என்று எழுதினாள். மேனேஜர் அதைப் படித்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

மார்கழி, தை இரண்டு மாதமும் அந்த வண்டி பெரும்பாலும் பெட்ரோலில்தான் ஓடியது. திருவாரூர் ஆஸ்பத்திரியில் வாட்ச்மேன் அறைக்குப் பக்கத்து பிளக்கில் சில நாள் போட்டுக்கொள்ள விட்டார்கள். மெயின் ரோட்டு டீக்கடையில், கரண்டு வண்டிக்குப் பெட்ரோல் ஊத்துற ஒரே ஆள் நம்ம டாக்டரம்மாதான் என்று யாரோ சொல்லிச் சிரித்ததைப் பரிதி வந்து சொன்னான். சிரிக்கட்டும் என்றாள். இராஜாங்கம் பயந்தபடியே ஒரு வாரம் வாய்க்கால் மடையில் மண் விழுந்தது. அவர் தனியாகப் போய் மண்வெட்டியால் வாரிப் போட்டுவிட்டு வந்தார். இரண்டாம் தடவை விழுந்தபோது தெருவிலிருந்து பத்துப் பேர் கூடப் போனார்கள். மூன்றாம் தடவை விழவில்லை.

மாசியில் கம்பங்கள் வந்தன. வாய்க்காலின் குறுக்கே ஐந்து கம்பம், புதுக் கம்பி. பண்ணைக்குப் பின்னால் நின்ற டிரான்ஸ்பார்மரிலிருந்து அதன் பலகையில் எழுதியிருந்த தெருவுக்கு நாலு வருஷம் கழித்து மின்சாரம் வந்தது. பண்ணை இணைப்பை வெட்டினார்கள். வெட்டிய பத்தாம் நாள், புத்தம்புது டிரான்ஸ்பார்மர் ஒன்று லாரியில் வந்து பண்ணை வாசலில் இறங்கியது. இந்தத் தடவை காசு கட்டித்தான் வாங்கியிருக்கிறார் என்று நெடுஞ்செழியன் சொன்னார். காசு கட்டினால் பத்து நாள், எங்கள் தெருவுக்கென்றால் நாலு வருஷமா என்று அவள் கேட்டதற்கு அவர் தண்ணீர் குடித்தார்.

அன்சார் வந்து சார்ஜரைப் பொருத்தினார். சாயங்காலம் ஏழு மணிக்கு இருநூற்று இருபத்தாறு. செவ்வந்தி வீட்டில் இருநூற்று இருபத்தொன்று. மிஷினில் மோட்டாரை மாட்டி, கால் தரையில் ஊன்றி உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். எழில்மொழியைப் பார்த்ததும் தையலை நிறுத்தாமலே சொன்னாள்: "நீ கார் வாங்கினதுல தெருவுக்கே கரண்டு வந்துச்சு எழிலு. தெருவுல எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க."

"அப்படிச் சொல்லாதடி."

"ஏன், உண்மைதானே?"

"உண்மைதான். அதுதான் எனக்கு ஆறல. உன் மிஷின் நாலு வருஷமா ஓடாமக் கெடந்துச்சு, அதுக்கு யாரும் மீட்டர் எடுத்துட்டு வரல. முப்பது லட்சத்துக்கு ஒரு வண்டி வந்து நின்னாத்தான் இந்தத் தெருவுல எவ்வளவு கரண்டு வருதுன்னு ஒருத்தன் வச்சுப் பார்ப்பானா?"

செவ்வந்தி மிஷினை நிறுத்தினாள்.  பிறகு அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள்: "வேலை முடிஞ்சுபோச்சுன்னு நாலு வருஷத்துக்கு முன்னாடி கையெழுத்துப் போட்டவன் யாருன்னு தெரிஞ்சுதா?"

தெரியவில்லை. அந்த வாரமே எழில்மொழி தகவல் உரிமையில் ஒரு மனுப் போட்டாள். முப்பது நாள் கழித்து, கோப்பு கிடைக்கவில்லை என்று பதில் வந்தது. மேல்முறையீடு எழுதும்போது செவ்வந்தியும் பக்கத்தில் உட்கார்ந்து, அவளும் ஒரு கையெழுத்துப் போட்டாள்.